அச்சில்லாமல் தகட்டை வடிப்பது: திருப்பூர் வட்டாரத்துக்கு எந்தக் கணக்கு உகந்தது?

திருப்பூர் என்றதும் நூலும் துணியும் சாயமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் துணி கடந்துபோகும் வழியெங்கும் தகடு இருக்கிறது. சாஃப்ட் ஃப்ளோ சாய இயந்திரத்தின் உடல், வின்ச்சின் தொட்டி, ஸ்டென்டரின் வெப்பக் கூடு, டிரையரிலிருந்து பஞ்சுத் தூசியை இழுத்துச் செல்லும் குழாய்கள், பெல்ட்டையும் பல்சக்கரத்தையும் மூடும் காப்பு மூடிகள் என எல்லாமே தகட்டு வேலை. திருப்பூர், அவிநாசி, பல்லடம் தொடங்கிக் கோயம்புத்தூர் வரை பரவிக் கிடக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இவற்றைச் செய்கின்றன, பழுதும் பார்க்கின்றன. லேசரில் வெட்டுவது, பெண்டிங் இயந்திரத்தில் மடிப்பது, ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டுவது ஆகிய மூன்றும் இங்கே நன்கு வேரூன்றிவிட்டன. இரண்டு திசையிலும் வளைந்த, வட்டமும் அல்லாத ஒரு உறுப்பு நாலைந்து மட்டும் தேவைப்படும்போதுதான் சிக்கல் வருகிறது. அதற்கென்று பிரஸ்ஸுக்கு டை போட்டால் டையின் செலவு உறுப்பின் விலையை விழுங்கிவிடும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் தையல் தையலாக வெல்டிங் நிற்கும். இந்த இடைவெளியை நிரப்பும் என்று உலகெங்கும் ஆராயப்படுவது ‘இன்கிரிமென்டல் ஷீட் ஃபார்மிங்’ எனப்படும் படிப்படி வடிவாக்கம். இந்த முறையை உகந்ததாக்குவது பற்றியும், கணினியில் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது பற்றியும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் ஏராளம். அவற்றை இந்த வட்டாரத்தின் தேவையோடு ஒப்பிட்டு எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பம் இங்கே நுழையத் தயாராக இருக்கிறது. ஆனால் ஆய்வுலகம் பெரும்பாலும் உகப்பாக்கியிருக்கும் அளவுகள் நம் பட்டறைக்கு முதலில் வேண்டிய அளவுகள் அல்ல என்பது என் முடிவு.

முறை எளிமையானது. தகட்டின் நான்கு ஓரத்தையும் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். முனை உருண்டையான ஒரு எஃகுக் கம்பி, சி.என்.சி. இயந்திரத்தின் கட்டளைப்படி, தகட்டின் மேல் அழுத்திக்கொண்டே வளையம் வளையமாக ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அரை மில்லிமீட்டர் போலக் கீழிறங்கி அடுத்த சுற்று. ஒவ்வொரு கணமும் ஒரு சிறு புள்ளி மட்டுமே வளைகிறது. புள்ளிகள் சேர்ந்து முழு வடிவமாகின்றன. வட்டப் பின்னல் இயந்திரம் கண்ணி கண்ணியாகத் துணியைக் கட்டுவதைத் தினமும் பார்க்கும் ஊருக்கு இதன் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை. இந்த எண்ணத்துக்கு 1967இலேயே அமெரிக்காவில் எட்வர்ட் லெஸ்ஸாக் காப்புரிமை பெற்றார். கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் பரவிய பிறகு, 1990களில் ஜப்பானில்தான் அது செயல்வடிவம் கண்டது. மட்சுபாராவின் ஆய்வும் அமினோ நிறுவனம் செய்த இயந்திரங்களும் அதற்கு வழி திறந்தன. 2005இல் ஜெஸ்வியட் தலைமையில் ஆறு ஆய்வாளர்கள் எழுதிய விரிவான மீள்பார்வை இத்துறைக்கு அடித்தளமானது. ஃபோர்டு நிறுவனம் 2013இலும், நிசான் நிறுவனம் 2019இலும் தகட்டின் இருபுறமும் கருவி வைத்து வடிக்கும் தங்கள் முறைகளை அறிவித்தன. இந்தியாவிலும் இது புதிதல்ல. ஐ.ஐ.டி. கான்பூரிலும் பின்னர் ஐ.ஐ.டி. ஐதராபாத்திலும் பணியாற்றிய என். வெங்கட ரெட்டி, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து சுருள் பாதைகளிலும் இருபுற வடிவாக்கத்திலும் முக்கியப் பங்களித்தவர். நம் மாநிலத்தில் திருச்சி என்.ஐ.டி.யின் உற்பத்திப் பொறியியல் துறையிலிருந்து இது பற்றிய சோதனைக் கட்டுரைகள் தொடர்ந்து வந்துள்ளன.

இம்முறையின் முதல் எல்லையை வடிவக் கணிதமே வகுத்துவிடுகிறது. பிரஸ்ஸில் ஆழ இழுக்கும்போது ஓரத்திலிருந்து தகடு உள்ளே நகர்ந்து வந்து குழியை நிரப்பும். இங்கே ஓரம் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் ஆழம் முழுவதும் தகடு மெலிவதிலிருந்தே வர வேண்டும். மெலிந்த கனம், முதல் கனத்தைச் சுவர் சாய்வின் கொசைனால் பெருக்கிய அளவுக்கு அருகில் இருக்கும். கிடையிலிருந்து 60 பாகை சாய்ந்த சுவரில் 1 மி.மீ. தகடு அரை மில்லிமீட்டராகிவிடும். 70 பாகையில் 0.34 மி.மீ.தான் மிஞ்சும். செங்குத்துச் சுவரை ஒரே ஓட்டத்தில் எழுப்பவே முடியாது, ஏனென்றால் கணக்குப்படி கனம் பூஜ்யமாகிறது. பல கட்டங்களாக வடித்து இந்தத் தடையைத் தாண்டலாம் என்று ஜெர்மனியின் ஆஹன், பெல்ஜியத்தின் லூவன், டென்மார்க் ஆய்வுக் குழுக்கள் காட்டியுள்ளன. ஆனால் ஒவ்வொரு கட்டமும் நேரத்தைக் கூட்டும். அடித்தளத்தில் தேவையற்ற படிகளையும் விட்டுச்செல்லும். ஆகவே ஒரு பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டியது சாய்வு எவ்வளவு என்பதையே. அதற்குக் கணினிகூட வேண்டாம். வரைபடமும் ஒரு கால்குலேட்டரும் போதும். ஓர் உறுப்பை ஏற்பதா தள்ளுவதா என்பதில் பாதி முடிவை இந்த ஒரு வாய்ப்பாடு சொல்லிவிடும்.

அடுத்தது விசையும் நேரமும். லூவன் பல்கலைக்கழகக் குழு 2010இல் பல உலோகங்களைச் சோதித்து ஒரு நடைமுறை வாய்ப்பாட்டை வெளியிட்டது. அதன்படி கருவி மீது விழும் செங்குத்து விசை, தகட்டின் கனத்தை 1.57 அடுக்கிலும், கருவி விட்டத்தை 0.41 அடுக்கிலும் சார்ந்தது; படி ஆழத்தைச் சார்வது மிகக் குறைவு. இழுவலிமை 600 மெகாபாஸ்கல் உள்ள 1 மி.மீ. எஸ்.எஸ். தகட்டை 10 மி.மீ. கருவியால், 0.5 மி.மீ. படியில், 60 பாகைச் சுவராக வடித்தால் விசை சில கிலோ நியூட்டன், அதாவது சில நூறு கிலோ எடைக்குச் சமம். அதே தகடு 2 மி.மீ. ஆனால் விசை மூன்று மடங்காகிவிடும். இதற்குப் பயன்படும் வி.எம்.சி. எனப்படும் செங்குத்து மில்லிங் இயந்திரத்தின் ஸ்பிண்டில் பேரிங் உலோகம் வெட்டுவதற்கென்று செய்யப்பட்டது. இந்த அழுத்தத்தை நீண்ட நேரம் தாங்குமா என்பதை முன்பே பார்த்தாக வேண்டும். ஆனால் இதே வாய்ப்பாட்டில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. படி ஆழத்தை இரட்டித்தால் விசை சிறிதளவே கூடும்; நேரமோ பாதியாகும். மேல்விட்டம் 200 மி.மீ., ஆழம் 50 மி.மீ., சாய்வு 60 பாகை உள்ள ஒரு கூம்பை 0.5 மி.மீ. படியில் வடிக்க, கருவி சுமார் 54 மீட்டர் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் 27 நிமிடம். படியை 0.25 ஆக்கினால் 54 நிமிடம். கூடுதலாகச் செலவான அந்த 27 நிமிடத்துக்குக் கிடைப்பது வழவழப்பு மட்டுமே. அந்த வழவழப்பு யாருக்கு வேண்டும் என்ற கேள்வியில்தான் உகப்பாக்கத்தின் உயிர் இருக்கிறது.

இங்கேதான் ஆய்வு இலக்கியத்தின் பெரும்பகுதியோடு எனக்குக் கருத்து வேறுபாடு. இந்தியக் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் ஒரு வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கருவி விட்டம், படி ஆழம், ஓட்ட வேகம், சுழல் வேகம் என நான்கு காரணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். டாகுச்சியின் ஒன்பது சோதனை அட்டவணை. அளப்பது மேற்பரப்புச் சொரசொரப்பு அல்லது கிழியும் சாய்வு. முடிவில் ‘உகந்த சேர்க்கை’. இதில் புள்ளியியல் நோக்கில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. ஒன்பது சோதனைகளில் கிடைப்பது எட்டுச் சுதந்திர அளவுகள். நான்கு காரணிகளுக்கு மூன்று நிலை வைத்தால் அந்த எட்டும் தீர்ந்துவிடும். பிழையை மதிப்பிடவோ, காரணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளைவிக்கும் தாக்கத்தைப் பிரித்தறியவோ மிச்சம் எதுவும் இருக்காது. படி ஆழமும் கருவி விட்டமும் தனித்தனியே செயல்படுவதில்லை. சொரசொரப்பு, படியின் வர்க்கத்தைக் கருவி ஆரத்தால் வகுத்த விகிதத்தைத் தொடர்ந்து செல்கிறது. அந்த இணைவையே பார்க்க முடியாத அட்டவணை எப்படி உகந்ததைச் சொல்லும்? பாக்ஸ்–பென்கன் போன்ற திட்டங்கள் இதைவிட மேல், ஏனெனில் வளைவையும் இணைவையும் அவை பிடிக்கும். மரபணு நெறிமுறை, நரம்பு வலை என்று எந்தக் கணித ஆயுதத்தை ஏந்தினாலும், அடியில் இருப்பது சில பத்துக் கூம்புகளின் தரவு என்றால், வெளிவரும் உகந்த அளவும் அந்தக் கூம்புக்கே உரியது. சாய்வு ஆழத்தோடு மாறிக்கொண்டே போகும் கூம்பை ஹுசைனும் காவோவும் 2007இல் அறிமுகப்படுத்தியது பயனுள்ள முன்னேற்றம். ஒரே சோதனையில் கிழியும் எல்லை தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஸ்டென்டரின் குழாய் இணைப்பு கூம்பு அல்ல. சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும் வடிவில் மூலைகளும் தட்டையான பக்கங்களும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும்.

சோதனைக்குப் பதிலாகக் கணினியில் நடத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டியதுதான், ஆனால் இந்த முறையைச் சிமுலேட் செய்வது பிரஸ் வேலையைச் சிமுலேட் செய்வதைவிடப் பல மடங்கு கடினம், அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் எதிர்பார்ப்பு சரியாக அமையும். பிரஸ்ஸில் ஒரே அடியில் வேலை முடிகிறது. இங்கே சில மில்லிமீட்டர் அகலத் தொடுபுள்ளி 54 மீட்டர் பயணம் செய்கிறது. அது போகும் இடமெல்லாம் வலைக்கண் நுணுக்கமாக இருக்க வேண்டும். வெளிப்படைத் தீர்வு எனப்படும் முறையில் ஒரு கணக்குப் படியின் நீளம், ஒரு வலைக்கண்ணை ஒலி கடக்கும் நேரத்துக்குள் அடங்க வேண்டும். எஃகில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர். 1 மி.மீ. வலைக்கண் என்றால் ஒரு படி 0.2 மைக்ரோ வினாடி. 27 நிமிட வேலைக்கு ஏறத்தாழ 800 கோடிப் படிகள். இதை அப்படியே கணிப்பது நடவாத காரியம். அதனால் கருவியின் வேகத்தைக் கணினியில் ஆயிரம் மடங்கு கூட்டுவார்கள், அல்லது உலோகத்தின் அடர்த்தியைச் செயற்கையாக ஏற்றுவார்கள். இரண்டும் குறுக்கு வழிகள். இயக்க ஆற்றல், உள் ஆற்றலில் சில சதவீதத்தைத் தாண்டாதபடி காத்தால் மட்டுமே முடிவை நம்பலாம். மறைமுகத் தீர்வில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு நகர்விலும் சமநிலை தேட வேண்டியிருப்பதால் கைக்கு அடங்கும் ஒரு சிறு உறுப்புக்கே நாட்கணக்கில் ஓடும். உறுப்பை வடிக்க அரைமணி, கணிக்க ஐந்து நாள் என்றால், செய்து பார்த்துவிடுவதே மலிவு என்று பட்டறை முடிவெடுக்கும். அந்த முடிவில் தவறு காண முடியாது.

வேகத்துக்கு அடுத்தபடியாக இயற்பியலும் கேள்விக்குள்ளாகிறது. வழக்கமான தகட்டு வேலையில் கழுத்து மெலிந்து கிழியும் எல்லையை ஒரு வளைகோடு காட்டும். படிப்படி வடிவாக்கத்தில் தகடு அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் நீண்டும் கிழியாமல் நிற்கிறது. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல. கேம்பிரிட்ஜில் ஜாக்சனும் ஆல்வுட்டும் கனத்தின் ஊடாக நிகழும் நறுக்கு (ஷியர்) உருமாற்றத்தைச் சுட்டினர். போர்ச்சுகல்–டென்மார்க் குழு சவ்வுப் பகுப்பாய்வு மூலம், கழுத்து மெலிதல் தடைப்பட்டு உடைவே எல்லையாகிறது என்று வாதிட்டது. நெதர்லாந்தின் எம்மன்ஸும் வான் டென் பூகார்டும் இழுவையோடு சேர்ந்த வளைவு, திரும்பத் திரும்ப வரும் உருமாற்றம் உள்ளிட்ட பல காரணங்களை வரிசைப்படுத்தினர். இது ஏட்டுச் சண்டையல்ல. கனத்தின் ஊடான நறுக்கு முக்கியம் என்றால், வேகத்துக்காக எல்லோரும் எடுக்கும் ஓட்டு வகை (ஷெல்) வலைக்கண்கள் அதைச் சரியாகக் காட்டா. திட வகை வலைக்கண்கள் எடுத்தால் காலம் பல மடங்காகும். எஸ்.எஸ். 304 தகட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதை வளைக்க வளைக்க ஒரு பகுதி மார்ட்டன்சைட்டாக மாறும். காந்தம் ஒட்டாத தகடு வளைத்த இடத்தில் ஒட்டத் தொடங்குவதைப் பட்டறையில் எவரும் பார்க்கலாம். இந்த மாற்றம் வெப்பத்தைப் பொறுத்தது; உராய்வு வெப்பமோ கருவி வேகத்தைப் பொறுத்தது. அலுமினியத்துக்குச் சரிபார்த்த சிமுலேஷனை அப்படியே எஸ்.எஸ். தகட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டறைக்கு உண்மையில் பிரச்சினையாக இருப்பது சொரசொரப்போ கிழிதலோ அல்ல, அளவு பிசகுவதுதான். கருவி விலகியதும் தகடு மீள்கிறது. சட்டத்தைக் கழற்றியதும் இன்னொரு முறை முறுக்கிக்கொள்கிறது. தாங்கு தட்டு இல்லாத ஓரத்தில் தகடு தொங்குகிறது, தட்டையான அடி உப்புகிறது. பிழை சில மில்லிமீட்டர்வரை போவது சாதாரணம். ஃபிளாஞ்சில் போல்ட் துளை பொருந்த வேண்டிய உறுப்புக்கு இது ஏற்புடையதல்ல. இதற்கு மிகப் பயனுள்ள தீர்வு முழுச் சிமுலேஷனிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்து, ஸ்கேன் செய்து, பிழையைத் தலைகீழாகத் திருப்பி வரைபடத்தில் சேர்த்து, மறுபடி செய்யும் வழி ஓரிரு சுற்றிலேயே பிழையைக் கணிசமாகக் குறைக்கிறது. லூவனில் பெஹெராவும் டுஃப்லோவும் சேர்ந்த குழு 2013இல் இன்னொரு படி மேலே போனது. உறுப்பைத் தளம், விளிம்பு, வளைவு என அம்சங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகும் என்பதை முந்தைய அளவீடுகளிலிருந்து பின்னடைவுச் சமன்பாடாகக் கற்று, முதல் முயற்சிக்கு முன்பே பாதையைத் திருத்தியது. தரவு சேரச் சேரக் கணிப்பு கூர்மையாகும் இந்த வழிதான், தன்னிடம் சூப்பர் கணினி இல்லாத, ஆனால் தொடர்ந்து ஒரே வகை வேலை வரும் வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

உகப்பாக்கத்தின் இலக்கை இடம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று சாயத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. பருத்தியை ரியாக்டிவ் சாயத்தில் போடும்போது லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்போ கிளாபர் உப்போ சேர்க்கிறார்கள்; குளியல் 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓடுகிறது. சாதாரண உப்பில் இருப்பது குளோரைடு. 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு, குளோரைடும் வெப்பமும் உள்ளே தங்கிய இழுவைத் தகைவும் ஒன்றுசேர்ந்தால் தகைவு அரிப்பால் விரிசல் விடும். படிப்படி வடிவாக்கம் தகட்டை மெலிவிக்கிறது, குளிர்நிலையில் கடினமாக்குகிறது, எஞ்சிய தகைவையும் விட்டுச்செல்கிறது. அதனால் சாயநீர் படும் சுவருக்கும், பாலியெஸ்டருக்காக 130 பாகையில் அழுத்தத்தோடு ஓடும் கலனுக்கும் இம்முறையில் செய்த உறுப்பைப் பொருத்தக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அங்கே உள்பரப்பில் சிறு கீறல் இருந்தாலும் பின்னல் துணி சிக்கி ஓட்டை விழும் என்பது கூடுதல் காரணம். மாறாக, காற்றும் பஞ்சும் மட்டும் போகும் குழாய் இணைப்பு, தூசி உறிஞ்சும் கூண்டு, காப்பு மூடி ஆகியவற்றுக்கு வழவழப்பு தேவையில்லை, அரிப்பு அச்சமும் குறைவு. அவற்றுக்குப் படி ஆழத்தைத் தாராளமாக வைத்து நேரத்தைப் பாதியாக்கலாம். ஒரே தகடு, ஒரே கருவி; உறுப்பு போய்ச் சேரும் இடம் மாறினால் உகந்த அளவும் மாறுகிறது. மேற்பரப்பை மட்டும் குறைந்தபட்சமாக்கும் கட்டுரை இந்த வேறுபாட்டைக் காண்பதே இல்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இது மெதுவான முறை. உண்மை. டைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், பிரஸ்ஸில் ஓர் உறுப்புக்கு ஐம்பது ரூபாய், படிப்படி முறையில் ஐந்நூறு ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். சமநிலை எண்ணிக்கை 333. அதற்கு மேல் பிரஸ்ஸே சிறந்தது. திருப்பூரின் இயந்திர உதிரி வேலை ஐந்து, பத்து என்ற எண்ணிக்கையில் வரும்போது அந்த எல்லை வெகுதொலைவில் இருக்கிறது. இரண்டாவது, கைதேர்ந்த டிங்கரும் ஸ்பின்னிங் பட்டறையும் இதையே செய்வார்களே என்பது. வட்ட உறுப்புக்கு ஸ்பின்னிங்கை எதுவும் வெல்லாது. மின்விசிறி வாய்க்கூம்பை இம்முறையில் செய்வது வீண். நேர்கோட்டு மடிப்புக்குப் பெண்டிங் இயந்திரம் போதும். இரண்டும் கைவிடும் வட்டமில்லா இரட்டை வளைவில்தான் இந்த முறைக்கு இடம் இருக்கிறது. டிங்கரின் கை செய்வதை அது மாற்றிவிடாது. தகடு எங்கே மீளும், எங்கே உப்பும் என்று அந்தக் கைக்குத் தெரிந்ததை எண்ணாகப் பதிவு செய்ய வழி தருகிறது. அந்த அறிவுள்ளவரே பாதைத் திட்டமிடுபவராகவும் ஆக வேண்டும். மூன்றாவது, சிமுலேஷன் மென்பொருளின் விலை. முன்பு இது பெரிய தடையாக இருந்தது. 2022இல் ஆல்டேர் நிறுவனம் ஓபன்ரேடியாஸ் என்ற வெளிப்படைத் தீர்வு மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கேல்குலிக்ஸ் அதற்கு முன்பிருந்தே கிடைக்கிறது. இன்று தட்டுப்பாடு மென்பொருளில் இல்லை, அதற்கு ஊட்ட வேண்டிய உள்ளூர்ப் பொருள் தரவில்தான்.

தனிப் பட்டறை இதைத் தாங்காது என்பதுதான் மிகவும் நியாயமான எதிர்வாதம். இங்கே திருப்பூரின் சொந்த வரலாறே பதில் தருகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறை ஒவ்வொரு சிறு பட்டறையாலும் தனியே முடியாத காரியமாக நின்றது. கூட்டாகச் செலவைப் பகிரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 18 மூலம்தான் தொழில் மீண்டு எழுந்தது. அந்தச் சுமையோடு ஒப்பிட்டால் தகடு வடிக்கும் ஒரு பொது மையம் மிகச் சிறிய முயற்சி. இறுக்குச் சட்டத்தோடு ஒரு வலுவான இயந்திரம், ஒரு ஸ்கேனர், தகட்டுக் கனம் பார்க்கும் அல்ட்ராசோனிக் அளவி, கணிக்கத் தெரிந்த இரண்டு பொறியாளர்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் திருச்சி என்.ஐ.டி.யும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன.

ஆய்வு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாணவருக்கு மீண்டும் ஒரு அலுமினியக் கூம்பையும் ஒன்பது சோதனை அட்டவணையையும் கொடுக்காதீர்கள். இந்த வட்டாரச் சந்தையில் விற்கும் 304 தகட்டை வாங்கி, சதுரத்திலிருந்து வட்டத்துக்கு மாறும் ஒரு குழாய் இணைப்பைச் செய்யச் சொல்லுங்கள். அளவுப் பிழை, மிஞ்சிய கனம், எடுத்த நேரம், செலவான மின்சாரம் ஆகிய நான்கையும் அளந்து, தரவை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். உப்புநீரில் வெந்நிலையில் ஊறவைத்து விரிசல் விடுகிறதா என்றும் பாருங்கள். கனத்துக்குக் கொசைன் வாய்ப்பாடு, விசைக்கு லூவன் வாய்ப்பாடு, அளவுப் பிழைக்கு அளந்து கற்ற திருத்தம், சந்தேகமான மூலைக்கு மட்டும் முழுச் சிமுலேஷன் என்ற வரிசையில் போனால், சிறு எண்ணிக்கை இரட்டை வளைவு உறுப்புகளுக்கு இந்த முறை இன்றே பயன்படும். வழவழப்புக்கு முன்னால் அளவை உகப்பாக்குங்கள்; திருப்பூர்ப் பட்டறை கேட்பது அதைத்தான்.